பித்தளை எஞ்சினில் களிம்பு எடுத்தல்: ஓர் ஒய்.பி. மாதிரியின் செய்முறைப் பதிவு

தென்காசியில் வசிக்கும் அண்ணாச்சி ஒருவர், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பணியில் இருந்த காலத்தில் தம் கையாலேயே தகடு வெட்டி, வளைத்து, ஈயம் வைத்துச் செய்த பித்தளை எஞ்சின் ஒன்றைத் துலக்கித் தரும்படி என்னிடம் கொடுத்தார். இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ் பாதையில் பயணி வண்டிகளை இழுத்த ஒய்.பி. வகை நீராவி எஞ்சினின் மாதிரி அது. 1949 முதல் 1970 வரை கட்டப்பட்ட ஒய்.பி. எஞ்சின்கள் மொத்தம் 871. அவற்றில் பெரும்பாலானவை ஜாம்ஷெட்பூரின் டெல்கோ ஆலையில் உருவானவை. முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் ஆறு பெரிய சக்கரங்கள், பின்னால் இரண்டு என்பது அதன் அமைப்பு. அண்ணாச்சி எடுத்துக்கொண்ட அளவு 22.5-க்கு ஒன்று. 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் வைத்தால் அது ஏறக்குறைய அப்படியே மீட்டர்கேஜ் ஆகிவிடுவதால், நம் ஊர்ப் பழைய வண்டிகளைச் செய்ய நினைப்பவருக்கு இதைவிடத் தோதான அளவு கிடையாது. உண்மை எஞ்சினில் 1372 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய சக்கரம் இந்த மாதிரியில் 61 மில்லிமீட்டராக இருக்கிறது.

கையில் வாங்கியபோது எஞ்சின் முழுவதும் கரும்பழுப்பு நிறத்தில் இருந்தது. அந்தக் கருமை எனக்குக் கவலை தரவில்லை. பித்தளையில் உள்ள செம்பு காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலம் அது. ஒரு வகையில் அடியில் உள்ள உலோகத்துக்குக் காப்பாகவும் இருப்பது. கவலை தந்தது பச்சை. பாய்லர் உருளை அடித்தட்டோடு சேரும் கோட்டிலும், கேபின் சுவர்களின் மூலைகளிலும், பாய்லரின் பக்கவாட்டில் நடைமேடைபோல ஓடும் தட்டான ரன்னிங் போர்டின் அடிப்பகுதியிலும் களிம்பு கோடு கோடாகப் படிந்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், பாய்லரின் முன்முனையான புகைப்பெட்டியைச் சுற்றியுள்ள ரிவெட்டுத் தலைகள் ஒவ்வொன்றின் காலடியிலும் வெளிர்பச்சைப் பொடி வளையமாக ஒட்டியிருப்பதும், சில வளையங்களின் நடுவே தகடு பொடிப்பொடியாகக் குழி விழுந்திருப்பதும் தெரிந்தன. வெளிக்காற்றால் மட்டும் வந்த களிம்பாக இருந்தால் பரவலாக இருக்கும். இது பற்றுவைத்த இடங்களையே தொடர்ந்து சென்றது.

தொலைபேசியில் அண்ணாச்சியிடம் கேட்டேன். “ஈயம் வைக்கும்போது என்ன போட்டீங்க அண்ணாச்சி?”

“நவச்சாரந்தான் தம்பி. அந்தக் காலத்துல வேற என்ன கெடச்சுது? பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்ககிட்ட வாங்குனதுதான்.”

காரணம் அதிலேயே இருந்தது. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கரைத்து ஈயத்தை ஓட வைக்கும். வேலை முடிந்த பிறகு மிச்சமிருப்பது இடுக்குகளில் உப்பாகத் தங்கிவிடும். அந்தக் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்பைத் தின்னத் தொடங்கினால், மேலே எத்தனை முறை தேய்த்துப் பளபளப்பாக்கினாலும், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் பச்சை திரும்ப எழும். தென்காசியில் சாரல் காலத்து ஈரத்துக்குக் குறைவில்லை. ஆகவே இந்த வேலையில் மெருகு இரண்டாம் பட்சம் என்றும், இடுக்குகளில் இருக்கும் உப்பை வெளியே எடுப்பதுதான் உண்மையான வேலை என்றும் முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு முறையையும் இந்த ஒரு கணக்கை வைத்தே தேர்ந்தெடுத்தேன்.

பாத்திரங்களுக்கு பாலீஷ் போடும் பட்டறை ஒன்றில் கருத்துக் கேட்பதற்காக எஞ்சினைக் காட்டியபோது, அங்கிருந்தவர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தாமாகவே மறுத்துவிட்டார். “நம்ம வீல்ல வச்சா ரிவெட்டு ஒண்ணுகூட மிஞ்சாது சார்” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. இந்த ரிவெட்டுகள் உண்மையில் ஆணிகள் அல்ல. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டின் பின்புறத்திலிருந்து மழுங்கிய உளியால் தட்டி எழுப்பிய புடைப்புகள். சுழலும் துணிச்சக்கரத்தில் கருமை போவதற்கு முன்பே புடைப்புகளின் தலை தேய்ந்துவிடும். கேபின் ஜன்னலின் கூரிய விளிம்புகள் மழுங்கும். சூட்டில் மெல்லிய தகடு நெளியவும் கூடும். குத்துவிளக்கு கெட்டியான வார்ப்பு என்பதால் சக்கரத்தைத் தாங்குகிறது, மாதிரி ரயிலுக்கு அந்த உடம்பு இல்லை.

வீட்டு முறையான புளியும் உப்பும் ஏன் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அதுதான். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பை நன்றாகவே கரைக்கும். உப்பு சேர்த்தால் வேலை இன்னும் விரைவாக நடக்கும். ஆனால் அந்த உப்பும் குளோரைடுதான். குழாயடியில் கவிழ்த்துக் கழுவும் குடத்துக்கு அதனால் கேடில்லை. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றுவைக்கப்பட்ட எஞ்சினிலோ, நவச்சாரத்தை வெளியேற்றப் போய் அதன் இடத்தில் சமையல் உப்பைக் குடியேற்றியதாக முடியும். புளியின் நார் வேறு கைப்பிடிக் கம்பிகளின் பின்னால் சிக்கிக்கொள்ளும்.

கடையில் விற்கும் உலோக மெருகுத் திரவங்களில் பலவற்றில் அம்மோனியா இருக்கும். வளைத்தும் தட்டியும் உருவாக்கிய பித்தளைத் தகட்டுக்குள் இழுவிசை தங்கியிருக்கும். அந்த நிலையில் ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் தகடு எந்தப் பளுவும் இல்லாமலே வெடிப்பு விடும். இது ஏட்டளவிலான பயம் அல்ல. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த துப்பாக்கி ரவைகளின் பித்தளை உறைகள் காரணம் தெரியாமல் பிளந்துகொண்டே இருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் அதற்குக் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. அரை மில்லிமீட்டர் தகட்டை வளைத்துச் செய்த பாய்லரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதையை மறக்க முடியாது. அம்மோனியா உள்ள எதையும் நான் இதில் பயன்படுத்தவில்லை.

பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன். குறிப்பாக வால்வை இயக்கும் கம்பிகள் எது எதன் மேல் வருகிறது என்பதை இரு பக்கமும் தனித்தனியாக எடுத்தேன். இறுகிப்போன திருகாணிகளுக்கு மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து துளித்துளியாக விட்டு இரவு முழுக்க ஊற வைத்தால், அளவான ஸ்க்ரூ டிரைவருக்கு அவை இணங்கும். மோட்டார், ஒயர்கள், நைலான் பல்சக்கரம் ஆகியவை முதலில் வெளியே வர வேண்டும். அடுத்து சக்கரங்கள், அச்சுகள், இணைப்புக் கம்பிகள். இவற்றை அண்ணாச்சி இரும்பில் கடைந்திருக்கிறார். இரும்பு துருப்பிடிக்கும் என்பதற்காக மட்டும் அவற்றை எடுக்கவில்லை: பித்தளையை அமிலத்தில் போடும்போது கொஞ்சம் செம்பு கரைசலில் இறங்கும், அதே கரைசலில் இரும்பும் இருந்தால் அந்தச் செம்பு இரும்பின்மேலும், இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் பித்தளையின்மேலும் படிந்து, எல்லாவற்றையும் செம்புச் சிவப்பாக்கிவிடும். இதனால்தான் இரும்பு இடுக்கியையோ இரும்பு நார்ப் பஞ்சையோ அந்தத் தொட்டிப் பக்கமே கொண்டு போகக் கூடாது. பிளாஸ்டிக் இடுக்கி போதும்.

எஞ்சினின்மேல் பழைய பூச்சு ஒன்று திட்டுத் திட்டாக இருந்தது. எது என்று தெரியாமல் கையில் கிடைத்த கரைப்பானை ஊற்றுவதைவிட, கேபினின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது. அரக்குப் பூச்சு என்றால் ஸ்பிரிட்டில் கரையும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்றால் என்.சி. தின்னர் வேண்டும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சு உடனே செம்பழுப்பாக மாறியதால் இது மரச்சாமான்களுக்கு அடிக்கும் அரக்குப் பாலீஷ் என்று தெரிந்தது. மொட்டைமாடியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், பஞ்சை மாற்றி மாற்றி ஒற்றி எடுத்தேன். அழுத்தித் துடைத்தால் கரைந்த அரக்கு ரிவெட்டுகளின் இடையில் போய் மறுபடி இறுகும். ஒற்றி எடுத்தால் பஞ்சோடு வந்துவிடும்.

அமிலத்துக்கு முன் சோப்பு. இதைப் பலர் தாண்டிச் செல்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் ஒட்டாமல் திட்டுத் திட்டாக வேலை செய்யும் என்பதால், பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்ட வெதுவெதுப்பான நீரில் மென்மையான பல்துலக்கியால் முழுவதும் கழுவினேன். கருமையில் கணிசமான பங்கு இந்தக் கழுவலிலேயே போனது; அது பழைய மசகெண்ணெயும் தூசியும் சேர்ந்த அழுக்கு.

பிறகு சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையிலேயே கிடைக்கும் வெள்ளைப் பொடியில் 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் ஏறக்குறைய 5 விழுக்காட்டுக் கரைசல் ஆகும். இங்கே நீரைப் பற்றியும் ஒரு சொல்: ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த வேலைக்கு ஆகாது, தாமிரபரணிக் குழாய் நீரிலும் கிருமி நீக்கத்துக்காகக் கலந்த குளோரின் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை கேன் கணக்கில் வாங்கிக்கொண்டேன், செலவு அதிகமில்லை. பாய்லரையும் கேபினையும் தனித்தனியே கரைசலில் மூழ்க வைத்து, இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறை வெளியே எடுத்து, துலக்கி, பார்த்து, மீண்டும் இறக்கினேன். அப்படியே போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. அமிலம் களிம்பைத் தின்று முடித்த பிறகு பித்தளையில் உள்ள துத்தநாகத்தின் பக்கம் திரும்பும். துத்தநாகம் போன இடத்தில் செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்பாகத் தெரியும். ஈயப் பற்றும் நீண்ட நேரம் ஊறினால் கறுக்கும்.

இடுக்குகளுக்கு நம் ஊரிலேயே நல்ல கருவி இருக்கிறது. பனையோலையின் ஈர்க்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு முனையைச் சாய்வாகச் சீவிக்கொண்டால், ரிவெட்டின் காலடியில் உள்ள பச்சை வளையத்தை அது சுற்றிவந்து கிளப்பிவிடும். பித்தளையைவிட மிருதுவானது என்பதால் கீறலும் விழாது. முனை நைந்துவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு அடுத்த அங்குலத்தைச் சீவிக்கொள்ளலாம். கம்பித் தூரிகையும் ஊசியும் இந்த வேலையைச் சீக்கிரம் முடிக்கும், ஆனால் அவை விட்டுப்போகும் கோடுகளை எதனாலும் எடுக்க முடியாது.

அமிலத்திலிருந்து எடுத்த பாகங்களை ஆப்ப சோடா கரைத்த நீரில் சிறிது நேரம் வைத்து அமிலத்தின் மிச்சத்தை முறித்தேன். அதற்கு மேல்தான் இந்தப் பதிவின் மையமான வேலை: உப்பு போயிற்றா என்று கண்டறிவது. பாளையங்கோட்டையில் வேதியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் பள்ளி ஆய்வகச் சோதனையை அப்படியே இதற்குப் பயன்படுத்தலாம் என்றார். பாகத்தைப் புதிய டிஸ்டில்டு வாட்டரில் ஓர் இரவு ஊற வைத்து, அந்த நீரில் கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு துளியும் சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு துளியும் விட வேண்டும். குளோரைடு இருந்தால் நீர் பால் கலந்தாற்போல வெண்மையாகும். நைட்ரிக் அமிலத்தை விட்டுவிடக் கூடாது. ஆப்ப சோடாவின் மிச்சமும் சில்வர் நைட்ரேட்டோடு சேர்ந்து வெண்மை காட்டும், அமிலம் இருந்தால்தான் அந்தப் பொய்யான வெண்மை மறையும். சில்வர் நைட்ரேட் பட்ட தோல் கறுத்துப் பல நாள் அழியாமல் இருக்கும் என்பதால் கையுறை கட்டாயம்.

முதல் இரவின் நீர் நன்றாகவே வெளுத்தது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பாய்லருக்குள் அவ்வளவு உப்பு இருந்தது. நீரை மாற்றி மாற்றி ஊற வைத்தபோது வெண்மை படிப்படியாகக் குறைந்து, கடைசியில் சோதனைக் குழாய் தெளிவாக நின்றது. நடுவில் ஓரிரு முறை நீரை வெதுவெதுப்பாக்கினேன். சூடு இடுக்கில் உள்ள காற்றை வெளியேற்றி நீரை உள்ளே அனுப்புகிறது. கேபின் சீக்கிரம் முடிந்தது. இரட்டைத் தகடுள்ள ரன்னிங் போர்டுதான் கடைசிவரை உப்பு விட்டுக்கொண்டிருந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் செப்புத் திருமேனிகளைப் பாதுகாப்பவர்களும் முதலில் தேடுவது இந்தக் குளோரைடைத்தான்.

மெருகு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அமிலத்திலிருந்து வந்த பித்தளை பளபளப்பற்ற வெளிர்மஞ்சளாக இருக்கும். பாய்லரின் பரந்த பரப்பை அப்படியே விட்டுவிட்டேன். அந்த மங்கலில்தான் ரிவெட்டு வரிசைகளின் நிழல் தெளிவாக விழுகிறது. பாய்லரைச் சுற்றிய பட்டைகள், மேலே உள்ள குமிழ், கைப்பிடிக் கம்பிகள், எண் பலகை ஆகியவற்றுக்கு மட்டும் நைசான சுண்ணப் பொடியை ஸ்பிரிட்டில் குழைத்து, பட்டைகளுக்குப் பருத்தித் துணியாலும் எண்களின் நடுவே ஈர்க்கின் முனையாலும் மெருகேற்றினேன். இளஞ்சிவப்புத் தெரிந்த ஓரிரு இடங்களும் இதே குழைவில் சரியாயின. “விளக்கு மாதிரி மின்ன வேண்டாம் தம்பி, ரிவெட்டு ரிவெட்டா தெரிஞ்சா போதும்” என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்ததால் இதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. புகைப்பெட்டியில் விழுந்திருந்த குழிகளை நிரப்பவில்லை. நிரப்பினால் அங்கே புதிய பற்றும், அதை ஓட வைக்க நவச்சாரம் போன்ற புதிய ஃப்ளக்ஸும் வரும்.

இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது. நம் வெயிலில் உள்ளங்கை வியர்க்காமல் இருக்காது; வியர்வையின் உப்பு, கடைசியில் காப்பாகப் பூசப்போகும் லாக்கருக்கு அடியில் அகப்பட்டால் சில மாதங்களில் கைரேகை அப்படியே பழுப்பாக எழும். கையுறையோடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முக்கி எடுத்து, ஹேர் டிரையரால் இடுக்குகளில் காற்றடித்து, மெல்லிய வலைத்துணி போர்த்தி மாடி வெயிலில் ஒரு பகல் முழுக்க வைத்தேன். தகடு கை பொறுக்காத சூட்டுக்கு வந்தால்தான் மடிப்புகளுக்குள் இருக்கும் ஈரம் போகும். அந்த வகையில் திருநெல்வேலி வெயிலுக்குச் செலவே இல்லை.

லாக்கருக்குக் காலம் பார்க்க வேண்டும். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து பூச்சு வெண்மையாகப் பூத்துவிடும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கமும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் வட்டாரம் முழுவதும் இந்த வேலைக்கு ஆகாது. மாசி, பங்குனியில் பத்து மணிக்கு மேல், பாகத்தைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டு, பாதிக்குப் பாதி தின்னர் கலந்த தெளிந்த லாக்கரை ஏர்பிரஷ்ஷால் மிக மெல்லிய பூச்சுகளாக அடித்தேன். ஒரே பூச்சில் மூட முயன்றால் ரிவெட்டுகளின் இடையில் லாக்கர் தேங்கி, தேய்க்காமலே விவரம் மறைந்துவிடும். அச்சு சுழலும் துளைகளையும், திருகாணி இழைகளையும், மின்சாரம் எடுக்கும் தொடுமுனைகளையும் முன்பே ஒட்டுத்தாளால் மறைத்திருந்தேன்.

இரும்புப் பாகங்களுக்கு மண்ணெண்ணெயில் துடைத்தலும் மெல்லிய இயந்திர எண்ணெயும் போதுமானவை. கம்பிகளைப் படங்களைப் பார்த்துப் பூட்டி, மோட்டாரை இணைப்பதற்கு முன் சக்கரங்களைக் கையால் உருட்டி, எங்கும் இடறவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

ஜப்பானிலும் கொரியாவிலும் செய்யப்பட்ட சிறிய அளவுப் பித்தளை எஞ்சின்கள் யாரிடமாவது இருந்தால், மேலே சொன்ன முழு முறையையும் அவற்றின்மேல் பிரயோகிக்க வேண்டாம். ஆலையில் பூசிய லாக்கர் உடையாமல் இருக்கும்வரை தூசியை மென்தூரிகையால் தட்டி, ஈரத் துணியால் ஒற்றி, உலர விடுவது போதும். அந்தப் பூச்சு இருப்பதுதான் சேகரிப்பாளர்கள் மதிக்கும் நிலை.

அண்ணாச்சியின் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டு புது பிளைவுட்டில் மாற்றப்பட்டிருந்தது. அதிலிருந்து எழும் அமில ஆவி ஈயத்தை வெளுக்கச் செய்யும் என்பதால், எஞ்சினின் அடியில் கனமான அக்ரிலிக் தகடு ஒன்றை விரித்து, மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்துக் கொடுத்தேன். மணிகளின் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறியதும், சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தெடுத்தால் அவை மீண்டும் ஆரஞ்சாகும். சாரல் காலத்தில் வாரம் ஒரு முறை அதைப் பார்க்கும்படி அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.